நாஸ் பெட்டியில் உள்ள ஆதார், பாஸ்புக் ஸ்கேன்களை மீட்க முடியாதபடி அழிப்பது எப்படி?

தங்கச்சிமடம்_கரை:

வீட்டில் சினாலஜி நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று ஓடுகிறது, இரண்டு டிஸ்க் போடலாம். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டும் எஸ்ஹெச்ஆர் முறையில், ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி, ஜோடியாக இருக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள வால்யூம் (டிஸ்க்கில் ஒதுக்கிய சேமிப்பு இடம்), நாஸின் இயங்குதளம் டிஎஸ்எம் 7.2. கேஷுக்கு (அடிக்கடி படிப்பதை வேகமாகத் தர) எம்.2 எஸ்எஸ்டி ஒன்று போட்டிருக்கிறது.

இதில் ஒரு ஷேர்டு ஃபோல்டர் முழுக்க அடுத்தவர்களுடைய காகிதங்கள். தடைக்கால நிவாரணம், டீசல் மானியம், படகுப் பதிவு என்று விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதற்காக ஸ்கேன் செய்தவை. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், மீனவர் அடையாள அட்டை, சிலருடைய பாஸ்போர்ட். மொத்தம் 18 ஜிபி. அந்த வேலையை நிறுத்தியாயிற்று, இனி இவை வீட்டில் இருக்கக் கூடாது. மீதி 1.2 டிபி குடும்பப் போட்டோ, கல்யாண வீடியோ. அவை வேண்டும்.

விண்டோஸில் நாஸை இசட் டிரைவாக மேப் செய்து, கோப்பு அழிக்கும் இலவச மென்பொருள் ஒன்றை 7 சுற்று ஓட்டினேன். இது போதுமா?

இன்னொன்று. இதே பெட்டியிலிருந்து முன்பு கழற்றிய 2 டிபி டிஸ்க் அலமாரியில் கிடக்கிறது. ஸ்மார்ட் எச்சரிக்கை (டிஸ்க் தன் நிலையைத் தானே கவனித்துச் சொல்வது) வந்ததால் மாற்றியது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? ஆறேழு மாதத்தில் பெட்டியையே மச்சானுக்குக் கொடுக்கும் எண்ணமும் இருக்கிறது. ரீசெட் பொத்தானை அழுத்திக் கொடுத்தால் போதும் என்கிறார்கள், சரிதானா?


சேதுக்கரை_சர்வர்:

தம்பி, அந்த 7 சுற்றால் பயன் இல்லை. மென்பொருள் மேல் குற்றம் இல்லை. அது எழுதியது நீங்கள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

பிடிஆர்எஃப்எஸ் இருக்கும் தரவின் மேலேயே எழுதாது. மாற்றிய பகுதியை வேறு காலி இடத்தில் எழுதிவிட்டு, 'இனி இதுதான் அந்தக் கோப்பு' என்று குறிப்பை மாற்றும். தப்பான வரவு செலவுப் பக்கத்தைக் கிழிக்காமல் அடுத்த பக்கத்தில் திருத்தி எழுதுவது மாதிரி. நீங்கள் 7 தடவை குப்பையை எழுதச் சொன்னீர்கள். அது வேறு இடங்களில் எழுதிக்கொண்டது, முதல் ஸ்கேன் பழைய இடத்திலேயே கிடக்கிறது. ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போது 'டேட்டா செக்சம்' (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) தேர்வை எடுத்துவிட்டிருந்தால் அதே இடத்தில் எழுத வாய்ப்பு உண்டு. அங்கேயும் ஒரு ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது) இருந்தால் கதை பழையபடிதான், ஏனென்றால் ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் பகுதியை மேலெழுத அது விடாது. போதாக்குறைக்கு, நெட்வொர்க் வழியாகப் போகும் எழுத்து முதலில் நாஸின் ரேமில் சேரும். 7 சுற்றில் கடைசி ஒன்றிரண்டு மட்டுமே டிஸ்க்கைத் தொட்டிருந்தாலும் வியப்பில்லை. விண்டோஸின் சைஃபர் கட்டளை காலி இடத்தைத் துடைக்கும் என்று யாராவது சொன்னால், அது அந்தக் கணினியிலேயே இருக்கும் என்டிஎஃப்எஸ் டிஸ்க்குக்கு மட்டும்.

ஈஎக்ஸ்டி4 என்ற வேறு ஃபைல் சிஸ்டம் உள்ள வால்யூமாக இருந்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. நாஸுக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாகப் போய், மேலெழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் எழுதும். ஆனால் வேர்டு, எக்செல் போன்றவை ஒவ்வொரு சேமிப்புக்கும் புதுக் கோப்பு எழுதிப் பழையதை நீக்குபவை. ஷ்ரெட் பிடிப்பது கடைசிப் பிரதியை மட்டும்.

ஆகவே நாஸில் 'ஒரு கோப்பை மட்டும்' உறுதியாக அழிப்பது நடக்காத காரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதி வேண்டுமானால் டிஸ்க்கை முழுதாக அழிக்க வேண்டும். இல்லையென்றால் முதலிலேயே என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்து, பிறகு சாவியை அழிக்க வேண்டும். உங்களிடம் இரண்டாவது இல்லை, அதனால் முதல் வழி.

அதற்கு முன் பிரதிகள் எங்கெங்கே ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். டிஸ்க்கை அழித்த பிறகு பேக்கப்பிலிருந்து அதே ஆதாரைத் திரும்ப ஏற்றி வைத்தால் பட்ட பாடு வீண்.

ரீசைக்கிள் பின் முதல் இடம். விண்டோஸில் நீக்கினாலும் போவது நாஸின் 'ஹேஷ் ரீசைக்கிள்' ஃபோல்டருக்கு, விண்டோஸ் குப்பைத் தொட்டிக்கு இல்லை. அழிக்கும் மென்பொருள் பெயரையும் மாற்றியிருந்தால் அங்கே அர்த்தமில்லாத பெயர்களில் கோப்புகள் கிடக்கும். அடுத்து ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் செயலி. 'இம்யூட்டபிள்' என்று குறித்த ஸ்னாப்ஷாட் இருந்தால் அதன் பாதுகாப்புக் காலம் முடியும் வரை நிர்வாகியாலும் நீக்க முடியாது. சினாலஜி டிரைவ் போட்டிருந்தால் ஒரு கோப்புக்கு 32 பழைய வெர்ஷன் வரை வைத்திருக்கும்.

பலர் தவறவிடுவது சிறுபடங்களை. போட்டோ இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'அட் ஈஏடிர்' என்ற மறைவு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள பெரிய அளவுச் சிறுபடத்திலேயே ஆதார் எண்ணைப் படித்துவிடலாம். மூலப் படம் போன பிறகும் இது சில நேரம் அனாதையாக நிற்கும். கியூநாப் நிறுவன நாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், ஃபோல்டர் பெயர்தான் வேறு. யுனிவர்சல் சர்ச்சில் உள்ளடக்கத் தேடலை இயக்கியிருந்தால் பிடிஎஃப்-இல் உள்ள எழுத்துகள் அதன் தேடல் பட்டியலிலும் இருக்கும். லாக் சென்டரில் எஸ்எம்பி (விண்டோஸ் நாஸோடு கோப்பு பரிமாறும் முறை) பரிமாற்றப் பதிவு ஓடினால் கோப்புப் பெயர்கள் அங்கே தங்கும். பெயரிலேயே ஆளின் பெயரும் ஆதார் எண்ணும் வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய.

வெளியே ஹைப்பர் பேக்கப், சினாலஜியின் பேக்கப் செயலி. அதில் ஒரு கோப்பை மட்டும் எல்லா வெர்ஷனிலிருந்தும் உருவ வழியில்லை. வெர்ஷன்களையே நீக்க வேண்டும், அல்லது பேக்கப்பை முழுதாகத் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். கிளவுட் சிங்க் இருந்தால் கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி. ஸ்கேனர் பிரிண்டரில் 'ஸ்கேன் டு ஃபோல்டர்' வைத்திருந்தால் அதன் மெமரி, ஸ்கேன் வந்து விழுந்த லேப்டாப், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள். இவற்றையும் மறந்துவிடாதீர்கள்.

இனி வேலை. நல்லதை இழக்காமல் செய்ய வரிசை முக்கியம்.

1.2 டிபியை வெளி யுஎஸ்பி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள், 2 டிபி டிஸ்க் போதும். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேர்ந்தெடுத்து எடுங்கள், வால்யூமை அப்படியே எடுக்காதீர்கள். கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் செக்சம் தேர்வைக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டி, வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்டோரேஜ் மேனேஜரில் எஸ்எஸ்டி கேஷை முறைப்படி நீக்குங்கள். பிறகு நாஸை அணைத்து இரண்டாம் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கணினியில் வைத்து அழியுங்கள். முதல் டிஸ்க்கைத் தொடாமல் வைத்திருங்கள், யுஎஸ்பி டிஸ்க் ஏமாற்றினால் கைகொடுப்பது அதுதான். இரண்டாம் டிஸ்க் சுத்தமானதும் முதல் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, இரண்டாவதை மட்டும் செருகி டிஎஸ்எம் நிறுவி, எஸ்ஹெச்ஆர் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு), புது வால்யூம் உருவாக்கி, போட்டோக்களைத் திரும்ப ஏற்றுங்கள். நான்கைந்து பெரிய வீடியோவைத் திறந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால் முதல் டிஸ்க்கையும் அழித்துவிட்டுச் செருகி ஜோடி சேருங்கள்.

'ரீபில்டு (ஜோடியை மறுபடி சேர்ப்பது) ஆகும்போது எப்படியும் மேலே எழுதத்தானே போகிறது' என்று முதல் டிஸ்க்கை அழிக்காமல் செருகக் கூடாது. டிஎஸ்எம் 7-இல் ஃபாஸ்ட் ரிப்பேர் இருக்கிறது. பயன்பாட்டில் இல்லாத இடத்தை அது தாண்டிப் போய்விடும். பழைய ஸ்கேன்கள் கிடப்பது அந்த இடத்தில்தான்.

அழிக்கும் முறை: உபுண்டு லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கை நேரே மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். கணினியின் சொந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. தவறான டிஸ்க்கை அழிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். பிறகு ஷ்ரெட் கட்டளையில் ஒரு சுற்று, கடைசியில் பூஜ்யம், முன்னேற்றம் காட்டு என்ற மூன்று தேர்வுகளோடு முழு டிஸ்க்கையும் கொடுங்கள். பகிர்வின் (பார்ட்டிஷன், டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி) எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பகிர்வு மட்டும்தான் அழியும். சினாலஜி தன் சிஸ்டம் பகிர்வையும் ஸ்வாப்பையும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் வைக்கிறது, அதுவும் போக வேண்டும்.

நேரக் கணக்கு: 4 டிபி, சராசரி நொடிக்கு 150 எம்பி என்றால் ஒரு சுற்றுக்கு ஏழரை மணி நேரம். தொடக்கத்தில் வேகமாகப் போகும், டிஸ்க்கின் உள்வட்டத்துக்கு வரும்போது ஏறக்குறைய பாதியாகும், பயப்பட வேண்டாம். பூஜ்யச் சுற்றும் சேர்ந்தால் 15 மணி. யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 35 எம்பிதான், ஒரு சுற்றே 32 மணி நேரம். எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க் என்றால் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கலாம், தொங்கிவிட்டது என்று நினைத்துப் பிடுங்காதீர்கள்.

முடிந்ததும் உள்ளடக்கத்தை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையில் டிஸ்க்கைப் படியுங்கள். பூஜ்ய வரி ஒன்று, அடியில் ஒரு நட்சத்திரக் குறி, டிஸ்க் முடிவின் எண். இவ்வளவுதான் வர வேண்டும். இடையில் வேறெதுவும் வந்தால் அந்த இடம் அழியவில்லை.


வடக்குத்தெரு_ரவுட்டர்:

அண்ணே, 35 சுற்று எழுதினால்தான் உண்மையாகவே அழியும் என்று படித்தேன். ஒரு சுற்று என்கிறீர்களே? அப்புறம் இவ்வளவு பாடு எதற்கு, ஸ்பீக்கர் காந்தத்தைத் தேய்த்தால் ஆகாதா? இங்கே சிலர் கடலில் வீசிவிடலாம் என்றே சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரில் எதுதான் மிஞ்சும்?


பாம்பன்காற்று:

35 சுற்று என்பது 1996-இல் பீட்டர் கட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றிருந்த பலவகை டிஸ்க்குகளின் குறியீட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-உம் தேவைப்பட்டதில்லை. இன்றைய டிஸ்க்குக்கு அது வேண்டாம் என்று அவரே பின்குறிப்பில் எழுதிவிட்டார். மூன்று சுற்று என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய விதி. அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி-யின் 800-88 வழிகாட்டிக்கு 2014-இல் வந்த திருத்தம், காந்த டிஸ்க்குக்கு ஒரு முறை முழுதாக மேலெழுதினாலே ஆய்வகக் கருவிகளாலும் மீட்பது கடினம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. சுற்றைக் கூட்டுவதைவிட, எழுதியது எல்லா இடத்துக்கும் போனதா என்று சரிபார்ப்பதில் நேரத்தைச் செலவழியுங்கள்.

காந்தம் வேலைக்கு ஆகாது. டிஸ்க்கின் உள்ளேயே, தகட்டுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி, ஸ்பீக்கர் காந்தத்தைவிடச் சக்தியான நியோடிமியம் காந்தம் உட்கார்ந்திருக்கிறது, தரவுக்கு ஒன்றும் ஆவதில்லை. டீகாஸர் என்ற தனி இயந்திரத்தால்தான் முடியும். எஸ்எஸ்டி-க்கு அதுவும் பயன்படாது, அதில் காந்தப் பதிவே கிடையாது.

கடல் விஷயம். உப்புத் தண்ணீர் சர்க்யூட் போர்டைத் தின்னும். தகட்டில் உள்ள காந்தப் பதிவை அது அழிப்பதில்லை. 2003-இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்தின் டிஸ்க் ஒன்றை எரிந்து உருகிய நிலையில் எடுத்து, 99 சதவீதம் தரவை மீட்டிருக்கிறார்கள். தண்ணீரில் போட்டால் போயிற்று என்பது நம் ஆறுதல் மட்டும். அதோடு நம் தெற்குக் கரை மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம், 21 தீவும் பவளப்பாறையும் உள்ள இடம். அங்கே டிஸ்க் வீசுகிற யோசனையை இத்தோடு விட்டுவிடுவோம்.

தங்கச்சிமடம் தம்பிக்கு இரண்டு சேர்த்தி. ஒன்று எஸ்எஸ்டி. கேஷாக ஒற்றை எஸ்எஸ்டி இருந்தால் அது படிப்பதற்கு மட்டுமான கேஷ். ஆனாலும் சமீபத்தில் திறந்த ஸ்கேன்களின் பிரதி அதில் இருக்கும். ஷ்ரெட் இதற்கு உதவாது. எஸ்எஸ்டி தேய்மானத்தைச் சமன் செய்ய எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், நமக்குக் காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். கணினியின் எம்.2 துளையில் நேரே மாட்டி, லினக்ஸில் என்விஎம்இ கருவியின் ஃபார்மேட் கட்டளையைப் பாதுகாப்பு அழிப்பு மதிப்பு 1 வைத்துக் கொடுங்கள், பெரும்பாலும் சில நிமிடத்துக்குள் முடியும். அல்லது தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளில் இருக்கும் அழிப்புத் தேர்வு. யுஎஸ்பி உறையில் போட்டுச் செய்தால் அந்தக் கட்டளை பல உறைகளில் உள்ளே போகாது.

இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்குக்கு 'செக்யூர் இரேஸ்' என்ற உள்கட்டளை உண்டு. டிஎஸ்எம் ஸ்டோரேஜ் மேனேஜரிலும் கியூநாபிலும் இதற்குத் தேர்வு இருக்கிறது, பூலில் சேராத டிஸ்க்குக்கு மட்டும். லினக்ஸில் அதற்கு ஹெச்டிபார்ம் என்ற கட்டளை. முதலில் டிஸ்க் விவரத்தைக் காட்டச் சொல்லி, பாதுகாப்புப் பகுதியில் 'நாட் ஃப்ரோசன்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃப்ரோசன்' என்றால் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் மென்பொருள்) பூட்டியிருக்கிறது. கணினியைத் தூங்க வைத்து எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். பிறகு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து, அதையே கொடுத்து அழிப்புக் கட்டளை. 'என்ஹான்ஸ்டு' வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், கெட்டுப்போய் ஒதுக்கிய செக்டர்களையும் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) அது தொடும். ஷ்ரெட்டால் அங்கே போக முடியாது.

ஆனால் நம் கரையில் நான் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். காரணம் கரண்ட். செக்யூர் இரேஸ் நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டிய நிலையில் நின்றுவிடும், அதே கடவுச்சொல்லோடு மறுபடி முழு அழிப்பு ஓட்டும் வரை எந்தக் கணினியும் அதைப் படிக்காது. கடவுச்சொல் மறந்தவர்கள் டிஸ்க்கே போய்விட்டது என்று நினைப்பார்கள். ஷ்ரெட் நடுவில் நின்றால் ஒன்றும் கெடாது, மறுபடி ஓட்டலாம். 600 விஏ யுபிஎஸ் டெஸ்க்டாப்பைத் தாங்குவது கால் மணி நேரம் இருந்தால் அதிகம், 15 மணி நேர வேலைக்கு அது துணை இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். லேப்டாப்பும் யுஎஸ்பி டாக்கும் வைத்துச் செய்பவர்கள் டாக்கின் 12 வோல்ட் அடாப்டரையும் இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், டிஸ்க்குக்குக் கிடையாது.


கீழக்கரை_கேபிள்:

புது வால்யூம் உருவாக்கும் அந்த ஒரு கட்டத்தை வீணாக்காதீர்கள். வால்யூம் என்கிரிப்ஷன் டிஎஸ்எம் 7.2-இல் வந்தது. வால்யூம் உருவாக்கும்போது மட்டும்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும், ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமுக்குப் பின்னால் போட முடியாது. இப்போது போட்டு வைத்தால் அடுத்த முறை இத்தனை மணி நேரம் வேண்டாம், சாவியை அழித்தால் மீதி வெறும் குப்பை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாவிப் பெட்டகத்தை அதே நாஸில் வைப்பதுதான் எளிய ஏற்பாடு, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படியானால் பெட்டி ஆன் ஆகும்போது வால்யூம் தானாகத் திறந்துகொள்ளும். டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கடைக்கு வாரண்டிக்கு அனுப்பினால் ஓரளவு காப்பு. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனால் காப்பே இல்லை. வீட்டில் இன்னொரு சினாலஜி இருந்தால் கேஎம்ஐபி (சாவியை வேறு சாதனத்தில் வைக்கும் முறை) வழியாகப் பெட்டகத்தை அதில் வைக்கலாம். அது இல்லாதவர்கள் முக்கியமான காகிதங்களுக்கு மட்டும் என்கிரிப்ட் செய்த ஷேர்டு ஃபோல்டர் ஒன்று தனியாக வைத்து, தானாக மவுண்ட் ஆகும் தேர்வை எடுத்துவிட்டு, தேவைப்படும்போது கடவுச்சொல் கொடுத்துத் திறந்து மூடுவது நல்லது.

அந்த ஃபோல்டரில் தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க. கோப்புப் பெயருக்கு ஆங்கிலத்தில் 143 எழுத்து வரை இடம் உண்டு. தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'விண்ணப்பம்' நம் கண்ணுக்கு 6 எழுத்து, அதற்கு 10 குறி, 30 பைட். 47 குறியோடு பெயர் முடிந்துவிட வேண்டும். 'தடைக்கால நிவாரண விண்ணப்பம்' என்று தொடங்கி ஆள் பெயர், ஊர், தேதி என்று நீட்டினால் நகலெடுக்கும்போது பிழை வந்து நிற்கும். பலர் இதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

வால்யூம் உருவாக்கும்போது இறக்கித் தரும் மீட்புச் சாவிக் கோப்பு விண்டோஸின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும். அதை ஒரு பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு அங்கே நீக்குங்கள். என்கிரிப்ட் செய்த நாஸிலேயே அதைப் போட்டு வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இனி யாருக்காவது விண்ணப்பம் போட நேர்ந்தால் மறைத்த ஆதாரை வாங்கி வையுங்கள். ஆதார் ஆணையத் தளத்திலேயே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும்படி இறக்கலாம். அழிக்க வேண்டியதே குறையும்.


தங்கச்சிமடம்_கரை:

நன்றி அண்ணே, நன்றி காக்கா. எஸ்எஸ்டி முடிந்தது. அலமாரியில் இருந்த 2 டிபி டிஸ்க்கை முதலில் எடுத்து யுஎஸ்பி டாக்கில் ஷ்ரெட் போட்டேன். 60 சதவீதம் தாண்டியதும் 'இன்புட் அவுட்புட் எர்ரர்' என்று நிற்கிறது. திரும்பப் போட்டால் 40-இல் நிற்கிறது. அதை அப்படியே உடைத்துவிடலாமா?


சேதுக்கரை_சர்வர்:

உடைப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். பிழை வரும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. தகடு கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அல்லது அதை ஒட்டி நிற்கும். இடம் மாறினால் முதல் சந்தேகம் கேபிள், டாக், மின்சாரம், இணைப்புப் பல்.

ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் 5, 197, 199 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். 199 என்பது டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே நடந்த பரிமாற்றப் பிழை. அது பெரிதாக இருந்தால் டிஸ்க்கின் இணைப்புப் பற்களில் பச்சையோ கறுப்போ பூத்திருக்கிறதா பாருங்கள். கடற்காற்றில் அலமாரியில் திறந்து கிடக்கும் டிஸ்க்குக்கு இது சாதாரணம். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். சர்க்யூட் போர்டைக் கழற்றினால் அடிப்பக்கம் உள்ளே போகும் இணைப்புப் புள்ளிகளும் இப்படிக் கறுத்திருக்கும், அதையும் துடைக்கலாம். பிறகு டாக்கை விட்டுவிட்டு நேரே சாட்டா போர்ட்டில் போடுங்கள். பெரும்பாலும் ஓடிவிடும்.

5 என்பது கெட்டுப்போய் ஒதுக்கிவிட்ட செக்டர், 197 ஒதுக்கக் காத்திருப்பவை. மேலெழுதும்போது 197 குறைந்து 5 கூடலாம். கூடினால் அதற்கு அர்த்தம், சில செக்டர்கள் பழைய தரவோடு அப்படியே ஓரங்கட்டப்பட்டன, ஷ்ரெட் அவற்றைத் தொடவில்லை என்பது. சாதாரண மீட்பு மென்பொருளாலும் அவற்றைப் படிக்க முடியாது. இருந்தாலும் அடுத்தவர் பாஸ்போர்ட் இருந்த டிஸ்க் இது. ஏற்கெனவே எச்சரிக்கை வந்த டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தப் போவதும் இல்லை. முடிந்தவரை மேலெழுதிவிட்டு உடையுங்கள்.

அழிக்காமல் பழைய இரும்புக்குப் போடவே கூடாது. ஜோடி முறையில் இருந்த டிஸ்க் தனியாகவே முழுப் பிரதி. ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவி ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமலே ஜேபெக்கின் தலைப்பகுதியைத் தேடி எடுத்துவிடும். ரெய்டு 5-இல் (தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) துண்டு துண்டாகத்தானே இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஒரு துண்டு வழக்கமாக 64 கேபி. குறைந்த தரத்தில் ஸ்கேன் செய்த பாஸ்புக் பக்கம் ஒரே துண்டில் முழுதாக உட்கார்ந்துவிடும்.

உடைக்க டி8 டார்க்ஸ் ஸ்குரூடிரைவர் வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள திருகு எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் லேபிளுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். தகடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு வளையுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியத் தகடு, வளையும். லேப்டாப் டிஸ்க்கில் கண்ணாடித் தகடு இருக்கலாம், அடித்தால் ஊசி ஊசியாகத் தெறிக்கும். துணியில் சுற்றி, கண்ணாடி அணிந்து செய்யுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது விரலை நசுக்கிவிடும். டிரில்லில் ஒரு ஓட்டை போட்டு அனுப்புவது வேண்டாம், ஓட்டை போக மீதித் தகட்டில் பதிவு அப்படியே இருக்கும்.

ரீசெட் பொத்தான் கேள்விக்கும் பதில். 4 நொடி அழுத்தி ஒரு பீப் வந்ததும் விட்டால் நிர்வாகி கடவுச்சொல்லும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குப் போகும். விட்டதும் உடனே மறுபடி அழுத்தி மூன்று பீப் வந்தால் டிஎஸ்எம்-ஐ மறுபடி நிறுவச் சொல்லும். இரண்டிலும் உங்கள் ஃபோல்டர்கள் அப்படியே இருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'எல்லாத் தரவையும் அழி' என்று ஒரு தேர்வு உண்டு. ஃபோல்டர்கள் கண்ணுக்கு மறையும். டிஸ்க் முழுதும் மேலெழுதப்பட்டதாக அதை நம்பாதீர்கள்.

பெட்டியை மச்சானுக்கு டிஸ்க் இல்லாமல் கொடுப்பதில் பயம் இல்லை, டிஎஸ்எம்-உம் கணக்குகளும் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க்கோடு கொடுப்பதாக இருந்தால் இப்போது செய்த அதே ஷ்ரெட்டை மறுபடி. வால்யூமை என்கிரிப்ட் செய்திருந்தாலும் ஒரு சுற்று ஓட்டுங்கள், சாவிப் பெட்டகம் சிஸ்டம் பகிர்வில் இருந்ததல்லவா. கொடுக்கும் முன் சினாலஜி கணக்கில் நுழைந்து அந்தப் பெட்டியையும், வெளியிலிருந்து நாஸை அடைய வைத்த குவிக்கனெக்ட் பெயரையும் நீக்குங்கள். வீட்டு ரவுட்டரில் நாஸுக்காகத் திறந்து வைத்த போர்ட்டையும் மூடுங்கள்.